மத்தாப்பு என்கிறவள்

மார்ச் 4, ஞாயிறு
வழியில் ஒரு லாட்ஜ்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அன்றைக்கு நம் வாசலில் இருந்தவர்கள்: உங்கள் அம்மா, குழாயடியில், இடுப்பில் அப்போது கைக்குழந்தையாக இருந்த நம் மகளோடு. எதிர் வீட்டுத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு. லாரி ஓனர், காதில் சொருகிய பென்சிலோடு. கிளீனர், கண்ணாடி துடைத்த துணியோடு. பால்காரர், அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டே வேடிக்கை பார்த்தார். வாசற்படியில் உங்கள் அக்கா. லாரிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நீங்கள். உங்கள் பக்கத்துச் சீட்டில், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு, கடலைப் பார்க்கப் போகிறோம் என்று பல்லெல்லாம் தெரிய நான்.

"பச்சப் புள்ளைய விட்டுட்டு ஊர் சுத்தக் கெளம்பிட்டா பாரு" என்றார் உங்கள் அக்கா. நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இறங்கு" என்றீர்கள். இறங்கினேன். லாரியில் ஏறுவது சுலபம், சேலையோடு இறங்குவதுதான் பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தையல்காரர் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அந்தப் புண்ணியவானை மட்டும் என் கோபத்தில் சேர்க்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறாள் இவள் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். துடைத்துவிட்டே படியுங்கள். இன்றைக்கு முழுக்க வேனில் நான்தான் முன் சீட்டு. பின்னால் மகள், மாப்பிள்ளை, பேத்தி. "அத்தை, பின்னாடி வாங்களேன், சாஞ்சு படுக்கலாம்" என்று மாப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டார். "என்னை இறக்க முடிஞ்சா இறக்கிப் பாருங்க" என்றேன். வேன் ஓட்டுகிற தம்பி சிரித்துவிட்டான். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். அந்தக் கடலோரத்து ஐஸ் கம்பெனியில் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, சரிசெய்ய இவருக்காகக் காத்திருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் நாட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார். அவருக்கு நம் பழைய கதை என்ன தெரியும்.

நீங்கள் ஓட்டிய ரோட்டில்தான் வருகிறோம். நீங்கள் மேடு என்று சொன்னது மலை. நான் கண்ணால் பார்த்தேன், மேகம் அதற்குக் கீழே நிற்கிறது. ஒரு வாய்க்கால் குறுக்கே வரும் என்பீர்களே, அது ஆறு. பாலம் முடிவதற்குள் பேத்தி தூங்கியே போய்விட்டாள். இவ்வளவு பெரிய நாட்டை எனக்கு ஏன் இப்படிச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னீர்கள்?

போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது, எதிர் வீட்டுக்குத்தான் எட்டும். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் வரும். முட்டிக்குத் தைலம் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. உங்கள் அக்காவை எடுக்கச் சொல்ல வேண்டாம், ஸ்டூலில் ஏறி விழுந்து வைப்பார், அந்தப் பழியும் என் மேல் வரும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 8, வியாழன்
வீடு

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கை நீ இன்னும் மூடவில்லை என்று தெரிகிறது. பால்காரரின் சைக்கிளை நீ சொன்ன பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. இவ்வளவு ஞாபகத்தை வைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர் சாவி எங்கே என்று சொல்லாமல் போய்விட்டாயே. தேடித் தேடி, கடைசியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் அக்காதான் கண்டுபிடித்தாள். முட்டி பரவாயில்லை. தைலத்தை நானே எடுத்துக்கொண்டேன். அக்கா பாலைப் பொங்கவிட்டாள், நான் அடுப்பைத் துடைத்தேன். இரண்டு கிழங்களும் ஒருவரை ஒருவர் திட்டாமல் ஓட்டுகிறோம். திட்டுவதற்கு நீ இல்லாமல் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.

நான் எதையும் சுருக்கவில்லை. லாரிக்காரன் கண்ணுக்கு மலை என்றால் செகண்ட் கியர், ஆறு என்றால் சுங்கம். கடலும் அப்படித்தான். போய்ப் பார், தண்ணிதான். அதிகமாக ஆசைப்பட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதே. காலையில் மணலில் தனியாக நடக்காதே, கால் புதையும். ஐஸ் கம்பெனிப் பக்கம் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், பேத்தி கையைப் பிடித்துக்கொள்.

நீ எப்போது திரும்பி வருகிறாய் என்று அக்கா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
வீட்டுக்காரன்


மார்ச் 11, ஞாயிறு
ஐஸ் கம்பெனி குவார்ட்டர்ஸ்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தண்ணியா? இதையா தண்ணி என்றீர்கள்?

வேன் கடைசித் திருப்பம் திரும்பியது. வீடுகளுக்கு நடுவில் ஏதோ ஒரு பெரிய நீலச் சுவர் நிற்கிறது என்று நினைத்தேன். "என்னடி பேத்தி, ஊருக்கு நடுவுல இவ்வளவு ஒசரத்துக்குச் செவுரு கட்டியிருக்காங்க" என்றேன். "பாட்டி, அது செவுரு இல்ல, கடல்" என்றாள். அப்படியே சீட்டில் சாய்ந்துவிட்டேன். வேனை நிறுத்தினார்கள், எனக்கு மயக்கம் என்று. மயக்கமில்லை, கோபம். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அங்க என்ன இருக்கு, தண்ணிதான்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணின் காலத்தை ஓட்டியிருக்கிறீர்களே.

குவார்ட்டர்ஸில் ஒரு ரூம், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் ஐஸ் பாளங்களைப் பலகையில் சறுக்கிவிடுகிறார்கள், மூடினால் மெஷின் தடதடக்கிறது. மாப்பிள்ளை எண்ணெயும் கறுப்புமாக வந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறார். மகள், "ஏம்மா, இங்க தூக்கம் வருதா?" என்று கேட்டாள். உன் அப்பாவின் குறட்டைக்குப் பழகிய காது, இதெல்லாம் ஒரு சத்தமா என்றேன்.

நேற்றுக் காலையில் உங்கள் பேச்சைக் கேட்காமல் மணலில் தனியாக நடந்தேன். கால் புதைந்தது. விழப் போனேன். கைக்கு என்ன கிடைத்ததோ அதைப் பிடித்தேன். அது ஒரு கயிறு. கடலுக்குள் போட்ட வலையைக் கரையிலிருந்தே ஊர் ஜனம் வரிசையாக நின்று இழுக்கிறார்கள், அந்தக் கயிறு. கரைவலை என்கிறார்கள். நான் பிடித்துவிட்டு, நிமிர்ந்து, விடப் போனேன். வரிசையின் முன்னால் ஒரு அம்மா, என் வயசுதான், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்:

"பிடிச்ச கைய விடாத. விட்டா பின்னாடி இருக்கறவன் மல்லாந்து விழுவான். இழு."

"நான் சும்மா விழாம இருக்கத்தான் பிடிச்சேன்."

"நாங்க மட்டும் எதுக்குப் பிடிச்சிருக்கோம்? இழு."

இழுத்தேன். என் வாழ்நாளில் என்னை யாரும் இப்படி அதட்டியதில்லை. அவளைப் பிடித்துப் போய்விட்டது. அவளை எல்லாரும் வலைக்கார அம்மா என்கிறார்கள். வலை கரையேறியதும் மீனைக் கொட்டிப் பங்கு பிரித்தார்கள். கயிற்றில் கைவைத்த எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டாம். என் காலடியிலும் ஒரு சின்னக் குவியல் வைத்தார்கள். நான், "வேணாம், நாங்க விலைக்கு வாங்கிக்கறோம்" என்று மரியாதைக்குச் சொன்னேன். அவ்வளவுதான், எல்லார் முகமும் மாறிவிட்டது. பங்கை மறுத்தால், உங்களோடு சேர்ந்து இழுத்ததே கேவலம் என்று சொன்ன மாதிரியாம். வலைக்கார அம்மா இடுப்பில் கைவைத்து, "யாரு வீட்டு மகாராணி இது?" என்றாள். அதற்குள் பேத்தி ஓடிவந்து பாவாடையை விரித்து மீனை அள்ளிக்கொண்டாள். மானம் பிழைத்தது. பாவாடையை மூன்று தடவை துவைத்தாகிவிட்டது, நாற்றம் போகவில்லை.

வலைக்கார அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இதைத் தபாலில் போட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 12, திங்கள்

வீட்டுக்காரருக்கு,

நேற்றைய கடிதம் போன கையோடு இதையும் போடுகிறேன். அதற்கு முன்னால் இதைப் பிரித்தாலும் குற்றமில்லை.

வலைக்கார அம்மா வீட்டு வாசலில் வலைக்குப் பொத்தல் தைத்துக்கொண்டே கேட்டாள், எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன வேலை என்று. மீன் லாரி ஓட்டினார், இங்கேதான் லோடு ஏற்ற வருவார் என்றேன். முன்பல் உடைந்திருக்கும் என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, ஹாரன் வீடா நீங்க?"

உங்களுக்கு இந்த ஊரில் ஹாரன் என்று பெயராம். ஊர் எல்லையிலிருந்தே அடித்துக்கொண்டு வருவீர்களாம், லோடுமேன்கள் எழுந்து வருவதற்கு. இத்தனை காலத்தில் எனக்கு இதைச் சொல்லவில்லை. அது போகட்டும்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப முன்னாடி ஹாரன்கூட லாரியில வந்தது யாரு? நாங்க அவங்களத்தான் சம்சாரம்னு நெனச்சோம்."

அவளே சொன்னாள். அந்தப் பெண்ணும் என்னைப் போலவே கயிற்றைப் பிடித்தாளாம். அலை வந்து முழங்கால் நனைந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், வலை கரையேறும்வரை சிரித்துக்கொண்டே இழுத்தாளாம். அவள் சிரிப்பைப் பார்த்து வரிசையில் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்து, கயிறு கைநழுவி, கிழவர்கள் திட்டினார்களாம். மத்தாப்பு என்று பெயர் வைத்தார்களாம். "அந்த மாதிரி சிரிச்ச பொம்பளைய நான் பாத்ததே இல்ல" என்கிறாள்.

எனக்குத் தெரிந்து நம் சொந்தத்தில், நம் தெருவில், நமக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை. இரவெல்லாம் ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. மகள், "ஏம்மா சாப்பிடல?" என்றாள். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மத்தாப்பு யார்? நான் இறங்கிய சீட்டில் யாரை ஏற்றினீர்கள்? பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அதுவே பதில் என்று வைத்துக்கொள்வேன். மாப்பிள்ளை வேலை முடிந்து கிளம்பினாலும், நான் வருவதா இங்கேயே இருப்பதா என்று அப்புறம் பார்ப்போம்.

எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை.


மார்ச் 16, வெள்ளி
வீடு

ஜட்ஜம்மாவுக்கு,

மத்தாப்பு இப்போது கூடத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அக்காதான்.

நீ நம்பமாட்டாய். அக்கா சிரித்து நீ பார்த்ததில்லை. நானும் அந்த ஒரு நாள்தான் பார்த்தேன்.

அன்றைக்கு நீ உள்ளே போய்த் தூக்கை எடுத்து வருவதற்குள் அக்கா லாரிக்குப் பக்கத்தில் வந்தாள். "அவ போறத நான் நின்னு பாக்கணுமாடா?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே தாலி அறுத்துவிட்டு வந்தவள். குழாயடி, அடுப்படி, குழாயடி, இதைத் தவிர எதையும் பார்த்தவளில்லை. பிறகு வாசற்படியில் நின்று அவள் கத்தியது, எனக்குச் சொன்னதை மறைப்பதற்கு. நான் உன்னை இறங்கச் சொன்னேன். அவளைப் பார்க்க வைத்துவிட்டு உன்னை ஏற்றிப்போக எனக்குத் தைரியமில்லை.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தடவை அக்காவைக் கூட்டிப்போனேன். திரும்பி வரும் வழியில், "அவகிட்ட சொல்லாத, அவ மொகத்துல முழிக்க முடியாது" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் அவளைச் சம்சாரம் என்று நினைத்தது நீ எழுதித்தான் எனக்கே தெரியும். லோடு ஏற்றுகிற அவசரத்தில் யார் யாரை என்ன நினைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த தடவை உன்னை என்று இருந்தேன். கூட்டிப்போகச் சொல்லி நீ கேட்பாய் என்று இருந்தேன். நீ கேட்கவே இல்லை. நான் ஓட்டுகிற எந்த வண்டியிலும் அப்புறம் நீ ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கும்போது இரண்டு பேரும் எதிரில் இருப்பீர்கள், ஒருத்தி பார்த்தவள், ஒருத்தி பார்க்காதவள். அங்கே எப்படி இருந்தது என்று நீ கேட்பாய். நான் என்ன சொல்வேன்? தண்ணிதான் என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

இதை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். சத்தியத்தை மீறுகிறாயே என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அந்தக் கயிறு பிடிச்ச அம்மா இன்னும் இருக்காளாடா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி. வீட்டுக்கு வா.

வீட்டுக்காரன்


மார்ச் 20, செவ்வாய்
ஐஸ் கம்பெனி குவார்ட்டர்ஸ்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வலைக்கார அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, "அப்ப நாத்தனாரா அது?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். எங்கே நின்றார், எப்படிச் சிரித்தார், சேலையை எவ்வளவு தூக்கிச் சொருகியிருந்தார். பங்குக்கு வந்த மீனைத் திருப்பிக் கடலிலேயே விட்டுவிட்டாராம். ஏனம்மா என்றதற்கு, "இத எடுத்துட்டுப் போனா வீட்டுல கேப்பாங்க" என்றாராம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலைக்கார அம்மா, "அழுவாத, வலை ஏற்கெனவே உப்பு" என்றாள். அவளிடம் எதையும் கௌரவமாகச் செய்ய முடியாது.

நானும் ஒன்று கவனித்தேன். அந்த நாளில் இருந்து உங்கள் அக்கா சாப்பாட்டில் குற்றம் சொன்னால் நான் பதில் சொல்வதில்லை. பேசாமல் இருந்தே அவரைச் சாகடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அவர் என்னைவிடப் பெரிய விஷயத்தைப் பேசாமல் வைத்துக்கொண்டு, என் பக்கத்திலேயே பாத்திரம் தேய்த்திருக்கிறார். ஒரே அடுப்படியில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே நரைத்துவிட்டோம். உங்கள் அக்காவிடம், என் அண்ணியிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபமில்லை என்று. நீங்களே சொல்ல வேண்டாம், எதையாவது சுருக்கிவிடுவீர்கள். இந்த வரியை அவரையே படிக்கச் சொல்லுங்கள்: அண்ணி, உங்கள் சிரிப்பை ஊரே பார்த்திருக்கிறது, எனக்கு மட்டும் காட்டவில்லை, அது ஒன்றுதான் வருத்தம்.

இன்று காலையில் ஐஸ் ஏற்ற ஒரு லாரி வந்து நின்றது. நீங்கள் ஓட்டிய மாதிரியே பழைய லாரி. முன்னால் டிரைவர். அவர் பக்கத்தில் ஒரு பெண், அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு கிழவி, கிழவியின் மடியில் ஒரு குழந்தை. எல்லாரும் சாவகாசமாக வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வந்தார்கள். இடிபடவில்லை, நெருக்கவில்லை. நான் கீழே நின்று அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரைவர், "என்ன பாட்டி, ஏறணுமா?" என்றார். "இப்ப இல்லப்பா, ஏற வேண்டிய நாள் போயிடுச்சு" என்றேன்.

ஏன் எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் இடம் என்று முடிவு செய்தீர்கள்? "அக்கா, நீயும் ஏறு" என்று ஒரு வார்த்தை. நான் நகர்ந்து உட்கார்ந்திருப்பேன். முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்திருப்பேன், அது வேறு. அவர் ஜன்னலோரம் கேட்டிருப்பார், அதற்கும் சண்டை போட்டிருப்பேன். கயிற்றை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருப்போம். இரண்டு பேர் மனசையும் நோகடிக்கக் கூடாது என்று நீங்கள் ஒவ்வொருத்தியிடமும் ஒன்றை மறைத்து, கடைசியில் இரண்டு பேரையும் தனித்தனியாக வைத்துவிட்டீர்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்று தெரியும். நல்ல மனுஷர் என்றும் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஐஸ் மெஷினுக்கு ஏதோ சாமான் வரவேண்டுமாம், மாப்பிள்ளைக்கு இன்னும் வேலை இருக்கிறது. நான் இப்போது வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். பகல் பஸ்ஸில் ஏறுங்கள், அண்ணிக்கு இருட்டில் கண் தெரியாது. அவருடைய சொட்டு மருந்தை மறக்காதீர்கள். முட்டி வலித்தால் வழியில் ஒரு இரவு தங்கி வாருங்கள். வாசல் சாவியைத் தையல்காரர் மகனிடம் கொடுங்கள், அவர் மருமகளிடம் வேண்டாம், அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வலைக்கார அம்மா மத்தாப்புக்குக் கயிற்றில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள், எனக்கு அடுத்ததாக. உங்களுக்குக் கயிறு இல்லை. கரையில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் நான் சிரித்துப் பேசுவேன், சாப்பாடு போடுவேன், முட்டிக்குத் தைலமும் தேய்த்துவிடுவேன். சமாதானமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் அம்மாவையும், வேடிக்கை பார்த்தவர்களையும், அண்ணியையும் நேற்றோடு மன்னித்து முடித்தாயிற்று. இனி நான் உயிரோடிருக்கும்வரை பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மன்னிக்காமல் இருக்கப் போவது ஒரே ஒருவரைத்தான். இந்த ஊரில் அவருக்குப் பெயர் ஹாரன்.